சாட்சி இடத்தில் அப்பாவின் கையெழுத்து

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே வெயில் எரிச்சல். காற்று துளி இல்லை. இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடந்தது. துடைத்து, குளித்து, விளக்கேற்றி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஒன்பது.

தம்பி செல்வத்துக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று நாள். இடது கையில் ஊசி போடுகிற நரம்பு அடைத்துப்போய் மூன்று வாரம் ஆகிறது. வலது கையிலும் நிற்கவில்லை. இப்போது கழுத்தில் குழாய். டாக்டர் என்னையும் அவன் பெண்சாதி லதாவையும் வெளியே கூப்பிட்டார்.

"இந்தக் கழுத்து லைன் ரொம்ப நாள் தாங்காதும்மா. கிருமி ஏறிடும். ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன முடிச்சிடணும்."

முடிக்கத்தானே நிற்கிறோம். என் சிறுநீரகம் ஒன்று அவனுக்கு. ரத்தம் பொருந்திவிட்டது. ஸ்கேன் சரி, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அறுபத்தொரு வயசில் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று நர்ஸ் சொன்னாள். அங்காளம்மன் இதற்காகத்தான் காத்து வைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன். லதாவுக்குச் சர்க்கரை, அவள் கொடுக்க முடியாது. அவர்கள் மகளுக்குப் பதினேழு, வயசு போதாது. மிச்சம் நான்.

ஆபரேஷனுக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டிக்கு ஃபைல் தயார் செய்கிற நிர்மலா மேடம் சொன்ன பட்டியல்:

1. ஆதார், இருவருக்கும். உண்டு.
2. என் வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்து. வாங்கலாம்.
3. இருவர் போட்டோ, பத்து பத்து. உண்டு.
4. கூடப் பிறந்தவர்கள் என்பதற்கு இருவர் பிறப்புச் சான்றும், அப்பா அம்மா பெயரோடு. செல்வத்துக்கு உண்டு. எனக்கு இல்லை.

"ஆதார்ல உங்க வூட்டுக்காரர் பேருதான் இருக்கு. வோட்டர் கார்டுலயும் அவர் பேருதான். உங்க அப்பா பேரு எதுலயாவது இருக்காம்மா?"

எதிலும் இல்லை. பள்ளிக்கூடம் மூன்றாவதோடு நின்றது, அந்தப் பள்ளிக்கூடமும் இப்போது இல்லை. அப்பா வேலை பார்த்த மில் மூடி எத்தனையோ வருஷம். கல்யாணப் பத்திரிகையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போயிருந்தேன். கோவிந்தன் அஞ்சலை குமாரத்தி என்று தெளிவாக அச்சு.

"இத யாரு வேணா அடிக்கலாம்மா."

செல்வம் இன்று குடித்த தண்ணீர்: காலை 150, மதியம் 200, மாத்திரைக்கு 100. ஐஸ் கேட்டான். இல்லை என்றேன்.

ஜூன் 4, புதன்

மேகம் வந்தது, போனது. மழை இல்லை.

வீட்டுக்காரரும் நானும் பழைய பதிவேடு பார்க்கிற இடத்துக்கு. அவர் அபார்ட்மெண்ட் காவலுக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு வந்தார். "உன்னக்கூட மேரியில எழுதி வச்சிருக்கு" என்று அப்பா சின்ன வயசில் சொல்லுவார், முனிசிபாலிட்டிக்கு பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் அது, அதில் ஒரு பெருமை. அந்தத் தாளை நான் கண்ணால் பார்த்ததில்லை. தேவைப்பட்டதும் இல்லை.

மூன்று ஜன்னல் மாறி, பன்னிரண்டரைக்குக் கிடைத்தது. பழைய பக்கத்தின் நகல், மேலே முத்திரை. முழுக்க பிரெஞ்சு, அவர்கள் ஊரை விட்டுப் போன பிறகும் பதிவு அந்தப் பாஷையில்தான். கையால் எழுதினது, கொடி படர்ந்த மாதிரி. பஸ் போர்டும் ரேஷன் கார்டும் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட ஆங்கில எழுத்து இருக்கிறதே, அதை வைத்து என் பெயரை மட்டும் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சாமி அலமாரியில் வைத்து, ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைத்தேன்.

செல்வத்துக்குப் போன் போட்டேன். "கெடச்சிடுச்சிடா."

"அக்கா, இனி நீ அதிகாரபூர்வமா பொறந்தவ" என்றான்.

ஜூன் 6, வெள்ளி

பிரெஞ்சுப் பதிவுகளைத் தமிழாக்கி முத்திரை குத்திக் கொடுக்கும் ஒருவர் நகரத்துப் பக்கம் இருக்கிறார், ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், முன்பு பிரெஞ்சு வாத்தியார். காலை பத்துக்குப் போனேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார். அவர் சொன்னதை நினைவு இருக்கிறபடி எழுதுகிறேன்.

"முருகேசன், வயசு இருபத்தொம்பது, கூலி வேலை, உப்பளத்தில் வசிக்கிறவர், நம் முன்னே வந்து ஒரு பெண் குழந்தையைக் காட்டி, இது தனக்கும் தன் மனைவி தனபாக்கியத்துக்கும் பிறந்தது என்று அறிவித்தார். குழந்தைக்குக் குப்பம்மாள் என்று பெயர் வைத்ததாகச் சொன்னார்."

"முசே, வேற யாரு பக்கத்தையோ குடுத்துட்டாங்க போல."

"உங்க பேரு குப்பம்மாள்தான?"

"ஆமா."

"இருங்க, இன்னும் முடியல. சாட்சி ரெண்டு பேரு. முதல் சாட்சி கோவிந்தன், மில் தொழிலாளி, வயசு முப்பத்திரெண்டு. தமிழ்ல கையெழுத்துப் போட்டிருக்கார்."

தாளைத் திருப்பிக் காட்டினார். அப்பா கையெழுத்து. கடைசி எழுத்தை இழுத்து, கீழே இரண்டு புள்ளி. மில் சம்பளச் சீட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

என் பிறப்புக்கு என் அப்பா சாட்சி. அவ்வளவுதான். அப்பன் வேறு ஆள்.

முசேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சட்டத்துக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாதும்மா. எழுதியிருக்கறததான் நான் எழுதித் தர முடியும்" என்றார். எழுதித் தந்தார். தண்ணீர் கொடுத்தார், குடிக்கவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்திருக்கிறேன். இறங்கும்போதுதான் தெரிந்தது.

ஜூன் 7, சனி

தெரிந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்குக் கேட்பார்கள்.

எனக்கு முன்னால் இரண்டு பெண் பிள்ளைகள் இறந்துவிட்டன. ஒன்று ஒன்பது மாசத்தில், ஒன்று பதினைந்து நாளில்.

மூன்றாவது நான். அப்போது உப்பளத்தில் வாடகை வீடு. பிறந்த மூன்றாம் நாள் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, முறத்தில் கிடத்தி, அம்மன் பெயரைச் சொல்லி பக்கத்து வீட்டுத் தனபாக்கியத்துக்கு விற்றார்கள். விலை ஒரு முறம் தவிடு. குப்பையில் புரட்டினதால்தான் இந்தப் பெயர். இது கோவிந்தன் அஞ்சலை பிள்ளை இல்லை, வேறு வீட்டுப் பிள்ளை என்று எமன் ஏமாந்து போகவேண்டும்.

பால் குடித்தது, வளர்ந்தது எல்லாம் பெற்றவளிடம்தான். ஆனால் பெற்றவளை "அம்மா" என்று கூப்பிடக் கூடாது. "அத்தே" என்றுதான் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் தவிடு திருப்பிக் கொடுத்து மீட்பது வழக்கம். மீட்டுவிடலாம் என்று அவள் கேட்டாள். அப்பா, "நல்லாத்தான இருக்கா, எதுக்குக் கெளறணும்" என்றுவிட்டார். அவள் சாகிற வரைக்கும் அத்தேதான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். தெரியாதது ஒன்று. சடங்கோடு விட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அப்பா சர்க்கார் புத்தகம் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். தன் பெயர் எங்கே எழுதியிருந்தாலும் அங்கிருந்து தேடிக்கொண்டு வந்துவிடும் என்று பயந்திருப்பார். இரண்டைப் புதைத்த கை. அவரைத் திட்ட முடியவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

ஏழு வருஷம் கழித்து செல்வம். அவனை விற்கவில்லை, ஆண் பிள்ளை, பயம் தெளிந்துவிட்டது போல. நாலு வயசு வரைக்கும் என் இடுப்பில்தான் இருந்தான்.

ஜூன் 9, திங்கள்

நிர்மலா மேடம் இரண்டு தாளையும் படித்தாள். மறுபடி படித்தாள்.

"அம்மா, இது உங்களுக்கு எதிராவே இருக்கே."

"இத ஃபைல்ல வெக்காம வுட்டா?"

"பதிவே இல்லன்னு சான்று கேப்பாங்க. இருக்கறத இல்லன்னு எப்படி வாங்குவீங்க?"

அப்புறம், "இது என்ன மூலைல கறை?"

மஞ்சள் என்றேன். இன்னொரு நகல் வாங்கச் சொன்னாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நல்ல பெண்.

கூடப் பிறந்தவர் என்றால் இந்த ஆஸ்பத்திரிக் கமிட்டியிலேயே முடியுமாம். இல்லாவிட்டால் மேல் கமிட்டி, மாதக்கணக்காகும், தள்ளுபடியும் ஆகலாம். "சொந்தம் இல்லாதவங்க குடுத்தா, வித்தாங்களான்னுதான் மொதல்ல சந்தேகம் வரும்மா."

"ஒரு தடவ வித்தது போதாதா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. லதா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

நிர்மலா மேடம் வழி ஒன்று சொன்னாள். முருகேசன் தனபாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளை யாராவது, இவள் எங்கள் வீட்டில் பிறந்தவள் இல்லை என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்தால் கமிட்டி யோசிக்கும்.

பிள்ளை ஒருவன்தான். ராஜமாணிக்கம். என்னைவிட ஆறு வயசு மூத்தவர். மூலக்குளத்தில் வீடு கட்டிப் போய்விட்டார் என்று கேள்வி.

ஜூன் 11, புதன், பௌர்ணமி

மூலக்குளம். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு தெரு தப்பி, கேட்டுக் கேட்டுப் போனேன். விரதம், ஒன்றும் சாப்பிடவில்லை, தலை சுற்றல்.

"யாரு?"

"குப்புண்ணே. உப்பளத்துல உங்க பக்கத்து வூடு. கோவிந்தன் பொண்ணு."

"அட. தவுட்டுக்கு வாங்குனமே, அதுவா?" உரக்கச் சிரித்தார். "நான்தான் தவுட்டு மொறத்தத் தூக்கினு வந்தேன். பாதி வழியில கொட்டிட்டேன், எங்கம்மா முதுகுல ஒண்ணு வச்சா. கணக்குப் பாத்தா நீ அரை மொறத்துக்குத்தான் வந்த. சரோஜா, காப்பி போடு."

எனக்கு அப்படியே உயிர் வந்தது. இவருக்கு ஞாபகம் இருக்கிறது. விஷயத்தைச் சொல்லித் தமிழாக்கத்தைக் கையில் கொடுத்தேன். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"இத ஏன் இப்ப எடுத்த?"

"தம்பிக்காகத்தாண்ணே, சொன்னேனே."

"உப்பளம் வூட்டுக்கு ஆளு வந்து பாத்துட்டுப் போயிருக்குன்னு உனுக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அம்மன்மேல் ஆணையாக இதை எழுதுகிறேன், எனக்குத் தெரியாது. அவர் பேசப் பேசத்தான் புரிந்தது, பழைய வீட்டை விற்கப் போகிறார், வாரிசு இவர் ஒருவர் என்று எழுதி வாங்கியாகிவிட்டது. இந்த நேரத்தில் கூடப் பிறந்தவள் என்று தாளோடு ஒருத்தி வாசலில் நிற்கிறாள்.

"வக்கீலக் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துகொண்டார். காப்பி வந்தது. விரதம் என்றேன். அதையும் அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் போல.

ஜூன் 14, சனி

ராஜமாணிக்கம் (இனி ரா.மா. என்றே எழுதுகிறேன்) கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக்காரரும் நானும் போனோம். வக்கீல் அடித்த தாள் தயாராக இருந்தது. விடுதலைப் பத்திரமாம்.

"மொதல்ல இதுல போடு. உப்பளம் வூட்டுல எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லன்னு. அப்புறம் உன் தாளுல நான் போடறேன்."

எனக்கு எந்த வீடும் வேண்டாம். பேனாவை எடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிக்கிறவர், முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"காலஞ்சென்ற முருகேசன், தனபாக்கியம் ஆகியோரின் மகளாகிய நான்." அங்கே விரலை நிறுத்திக்கொண்டார். "இதுல நீ போட்டா நீ இவங்க பொண்ணுடி. அப்புறம் செல்வத்துக்கு நீ யாரு?"

பேனாவை மூடி வைத்தேன். ரா.மா. கோபமாக எழுந்து உள்ளே போனார். போகிற போக்கில், "பங்கு கேக்க மாட்டேங்கறவ எழுதிக் குடுக்க ஏன் பயப்படறா" என்றார்.

திரும்பும்போது அவர் சம்மதக் கையெழுத்து விஷயம் கேட்டேன். இத்தனை நாள் பிடி கொடுக்காமல் இருந்தார். என்னை அறுக்க வேண்டுமே என்கிற பயம். இன்று, "என்ன கேக்காத. எங்க போடணும்னு மட்டும் காட்டு" என்றார்.

ஜூன் 16, திங்கள்

செல்வத்துக்கு டயாலிசிஸ் பாதியில் நின்றது. கழுத்துக் குழாயில் ரத்தம் சரியாக வரவில்லை. நர்ஸ் ஊசி போட்டுச் சரி செய்தாள். நாலு மணி நேரத்தில் இரண்டரைதான் ஓடியது. கால் வீக்கம். தண்ணீர் நாளுக்கு 400 மில்லிக்குக் குறைத்தாயிற்று.

"அக்கா, கனவுல கூட சோடாதான் வருது."

ஜூன் 17, செவ்வாய்

மறுபடி மூலக்குளம், தனியாக. ரா.மா. வீட்டில் இல்லை, மீன் வாங்கப் போயிருந்தார். அவர் பெண்சாதி சரோஜா அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நானும் ஒரு கட்டை எடுத்து ஆய்ந்தேன்.

ரா.மா. வந்தார். என்னைப் பார்த்ததும் பையை வாசலிலேயே வைத்தார். "மறுபடியுமா?"

சரோஜா அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "ஏங்க, உங்க வக்கீலு காசு வாங்கிட்டு யோசிக்கறானா, யோசிக்காம வாங்கறானா? பங்கு வேணாம்னு இவகிட்ட எழுதி வாங்குனா, பங்கு இருக்கற பொண்ணுன்னு நாமளே ஒத்துக்கிட்டோம். இவ எங்க வூட்டுல பொறக்கவே இல்லன்னு நீங்க எழுதிக் குடுங்க. இவளும் அதுக்கு ஆமான்னு போடட்டும். பொண்ணே இல்லன்னா பங்கு எங்கேருந்துங்க வரும்? அவளுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு."

ரா.மா. வாசலில் வைத்த பையை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "மீன உள்ள எடுத்துட்டுப் போ" என்றார்.

பிறகு வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். நோட்டரிக்குப் போனோம். தவிடு வாங்கினது, தான் முறம் தூக்கினது, பாதி கொட்டினது எல்லாம் எழுதச் சொன்னார். பாதி கொட்டினது வேண்டாம் என்றார் நோட்டரி. இருக்கட்டும், நடந்ததுதான என்று அடம்.

வெளியே வந்து அவர் காலில் விழுந்தேன். "ஏ, எழுந்திரு. ரோட்டுல என்ன இது" என்று நகர்ந்துகொண்டார்.

ஜூன் 20, வெள்ளி

கமிட்டி. காலையில் அம்மனுக்கு எலுமிச்சை மாலை போட்டுவிட்டுப் போனேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஓரத்தில் வீடியோ எடுக்கிறவர். என்னைத் தனியாக, செல்வத்தைத் தனியாக. ஒருத்தர் சொல்வது மற்றவருக்குக் கேட்கக் கூடாதாம்.

என்னிடம்: அப்பா பெயர், அம்மா பெயர், தம்பி படித்தது எதுவரை, அவன் முழங்காலில் தழும்பு எப்படி வந்தது (கிணற்றடிச் சிமெண்டு), ஏன் கொடுக்கிறீர்கள், யாராவது பணம் தருகிறார்களா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா. எல்லாம் சொன்னேன். நடுவில் இருந்த அம்மாள் ரா.மா. எழுதிக் கொடுத்ததைப் படித்துத் தலையாட்டினாள். நல்லபடியாகப் போனது என்று வெளியே வந்து லதா கையைப் பிடித்தேன்.

செல்வத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். இருபது நிமிஷம். வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. எல்லாம் சரியாகச் சொன்னேன் என்றான். என்ன கேட்டார்கள் என்றேன். கடைசியாக ஒன்று கேட்டார்களாம், உங்க அக்கா உங்க அம்மாவை எப்படிக் கூப்பிடுவாங்க என்று.

"நீ என்னடா சொன்ன?"

"அத்தேன்னு."

ஆஸ்பத்திரி நடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கம் சொன்னானாம், விற்ற கதையெல்லாம். அதற்குள் எழுதிக்கொண்டார்களாம். நிர்மலா மேடம் ஒரு மணிக்கு வந்தாள். அத்தை என்றால் மாமன் மகளாக இருக்கலாம், மாமன் மகள் நெருங்கிய சொந்தத்தில் சேராது. பிறப்புப் பதிவிலும் வேறு பெற்றோர். அதனால் இருவருக்கும் மரபணுச் சோதனை. ரத்தம் வெளியூர் போய் முடிவு வர மூன்று வாரம்.

மூன்று வாரம். டாக்டர் சொன்ன இரண்டு மாசத்தில் பதினெட்டு நாள் போய்விட்டது.

ஜூன் 21, சனி

தூக்கமில்லை. காலையில் அவன் வீட்டுக்குப் போய்ச் சண்டை.

"அம்மான்னு சொல்லித் தொலஞ்சிருக்கக் கூடாதா?"

"பொய் சொல்லாதன்னு வாயில மொளகா வச்சது யாருக்கா?"

"இதுல இன்னாடா பொய்? அவ எனக்கும் அம்மாதான?"

"எப்படிக் கூப்புடுவாங்கன்னுதான கேட்டாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "கிட்னி இன்னும் உள்ள வரவே இல்ல, அதுக்குள்ள நீ உள்ள உக்காந்து அதிகாரம் பண்ற" என்றான். லதா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மூன்று பேரும் அழுதோம்.

அவன் மகள் உள்ளே புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 23, திங்கள்

ரத்தம் எடுத்தார்கள், இருவருக்கும். சின்னச் சின்னக் குப்பி. பெயரைச் சரிபார்க்கச் சொன்னார்கள். நாலு தடவை பார்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

புழுக்கம். சாயங்காலம் கடல் காற்று.

கோயிலில் கூட்டம் குறைந்த பிறகு அம்மன் முன்னால் உட்கார்ந்தேன். வழக்கமாகச் சொல்கிற ஸ்தோத்திரம் பாதியில் மறந்துவிட்டது. உன் பெயரைச் சொல்லித்தானே விற்றார்கள், நீ வந்து கமிட்டியில் சொல் என்றேன். பூசாரி திரும்பிப் பார்த்தார். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

எழுதக் கூடாது. எழுதாமல் இருந்தால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

அந்தத் தாளில் இருப்பது நிஜமாக இருந்தால்? தனபாக்கியத்துக்கே நான் பிறந்து, இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அவள் என்னைத் தூக்கிக் கொடுத்திருந்தால்? தவிட்டுக் கதை அதை மூடச் சொன்னதாக இருந்தால்? ஆனால் ரா.மா. முறம் தூக்கினாரே. ஆறு வயசுப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் விற்கிறார்கள், எந்தப் பக்கம் வாங்குகிறார்கள் என்று என்ன தெரியும்?

கண்ணாடியில் பார்த்தேன். அத்தே மூக்கு கூர். என் மூக்கு சப்பை. அப்பா மூக்கு? அப்பா மூக்கு ஞாபகம் வரவில்லை. இருக்கிற ஒரே போட்டோவில் முகத்தில் பூஞ்சை.

செல்வம் காதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னாக்கா அப்படிப் பாக்கற?" ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "அப்படியே இருந்தாலும் நீ குடுப்பதான?"

நான் கொடுப்பேன். வாங்க விட மாட்டார்களே.

ஜூலை 5, சனி

நிர்மலா மேடத்துக்கு இந்த வாரம் போன்: திங்கள் 1, புதன் 2, வியாழன் 1, இன்று 2. வரவில்லை, வரவில்லை, வரவில்லை. கடைசித் தடவை நான் பேசுமுன்பே, "வரலம்மா, வந்தா மொதல்ல உங்களுக்குத்தான்" என்றாள்.

குழாய் போட்ட இடம் சிவப்பு. டாக்டர் பார்த்தார், மருந்து மாற்றினார்.

ஜூலை 11, வெள்ளி

வந்துவிட்டது.

காலை 10.40. துணி அலசிக்கொண்டிருந்தேன், ஈரக் கையோடு எடுத்தேன். "ரெண்டு பேரும் ஒரே தாய் தகப்பன் பிள்ளைங்கன்னு வந்துருக்கும்மா. சந்தேகமே இல்லன்னு எழுதியிருக்காங்க."

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு அம்மா என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வாய் பழகவில்லை.

செவ்வாய் கமிட்டி கையெழுத்து. 18 வெள்ளி ஆபரேஷன். நான் 16 புதன் சேரவேண்டும். எடுத்து வைக்க: நைட்டி 3, துண்டு 2, செம்பு, விபூதி, மாத்திரை ஒன்றும் இல்லை, ஆதார், எல்லாத் தாளும்.

ஜூலை 14, திங்கள்

டயாலிசிஸ் ஆரம்பித்து அரை மணியில் குளிர் நடுக்கம். மூன்று கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. காய்ச்சல் 104. குழாயில் கிருமி. ரத்தத்தில் ஏறிவிட்டது. குழாயைப் பிடுங்கினார்கள். தொடையில் வேறு போட்டார்கள். ஐ.சி.யூ.

டாக்டர்: "காய்ச்சல் எறங்காம ஆபரேஷன் பண்ண முடியாதும்மா."

லதா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. போன மாசமே முடிந்திருக்க வேண்டியது. ஒரு தாள். ஒரே ஒரு தாள்.

ஜூலை 15, செவ்வாய்

கமிட்டி கையெழுத்துப் போட்டுவிட்டது. நிர்மலா மேடம் நகல் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். கொடுப்பவர் குப்பம்மாள். பெறுபவர் செல்வம். உறவு: உடன்பிறந்த சகோதரி.

இரண்டு பேரும் ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஜூலை 16, புதன்

நான் சேரவேண்டிய நாள். சேர்க்கவில்லை, காய்ச்சல் பார்த்துத்தான் என்றார்கள். பையோடு பெஞ்சில்.

லதா மகளைப் பார்த்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். காலை ஐந்தரைக்கு உள்ளேயிருந்து ஒரு ஆள் வரட்டும் என்று குரல். எழுந்து போனேன். வாசல் காவலாளி புது ஆள், கையை நீட்டி மறித்தான்.

"ரத்த சம்பந்தம் இருக்கறவங்க மட்டும்தாம்மா. நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

பையைத் திறந்தேன். பிறப்புப் பதிவு, தமிழாக்கம், ரா.மா. தாள், சோதனைத் தாள், கமிட்டி தாள், எதை முதலில் எடுப்பது என்று கை தடுமாறியது.

"அக்கா" என்றேன்.

"போங்க" என்று கதவைத் தள்ளிவிட்டான். பையை அவன் பார்க்கவே இல்லை.

செல்வம் கண்ணைத் திறக்கவில்லை. கை சுடுகிறது. ஈரத்துணி வைத்துக்கொண்டே இருக்கச் சொன்னாள் நர்ஸ். இறங்கினால் வெள்ளிக்கிழமையே பார்க்கலாம் என்றார் டாக்டர். இறங்காவிட்டால் என்று கேட்கவில்லை.

காலை 6க்கு 103.2
8க்கு 102.6
10க்கு 102.6
அடுத்தது 12க்கு.